அம்மா கேட்டதையே திரும்பத் திரும்பக் கேட்கிறார்: திருகோணமலை வீடுகளில் எழும் கேள்விகளும் பதில்களும்

பத்து நிமிடத்துக்கு ஒரு தடவை அதே கேள்வியைக் கேட்கும் அம்மாவோடு ஒரே கூரையின் கீழ் இருப்பவர்களுக்காக இதை எழுதுகிறோம். திருமலை நகரம், உப்புவெளி, தம்பலகாமம், மூதூர், கிண்ணியா என்று எங்கே இருந்தாலும் எழும் சந்தேகங்கள் ஏறக்குறைய ஒன்றுதான். அம்மாவின் நிலை நேற்றோ இன்றோ திடீரென்று மாறியிருந்தால் நான்காவது கேள்வியை முதலில் படியுங்கள். மற்றவற்றைப் பிறகு பார்க்கலாம்.

1. இப்போதுதான் பதில் சொன்னேன். அதற்குள் எப்படி மறப்பார்? வேண்டுமென்று கேட்கிறாரா?

இல்லை. புதிதாகக் கேட்டதையும் பார்த்ததையும் பதிந்து வைப்பதற்கு மூளையில் ஹிப்போகாம்பஸ் என்றொரு பகுதி இருக்கிறது. மறதியை உண்டாக்கும் அல்சைமர் நோய் தொடக்கத்திலேயே தாக்கும் இடங்களில் அதுவும் ஒன்று. நீங்கள் சொன்ன பதில் அம்மாவின் காதில் விழுந்தது, விளங்கியது, தலையையும் ஆட்டினார். பதியத்தான் இல்லை. ஆகவே உங்களுக்கு இருபதாவது தடவையாகப் படுவது அவருக்கு ஒவ்வொரு முறையும் முதல் தடவை.

பழைய நினைவுகள் பல வருடங்களாக ஊறிப் போனவை, அவை கடைசியாகத்தான் கரையும். கிண்ணியாவுக்குப் பாலம் வருவதற்கு முந்திய காலத்தில் பாதையில் (ஆட்களையும் வாகனங்களையும் ஏற்றும் மிதவையில்) ஏறிக் கடந்ததை அம்மா விபரமாகச் சொல்வார். காலையில் சாப்பிட்டது இடியப்பமா புட்டா என்று கேட்டால் திகைப்பார். "பழசெல்லாம் நல்லா ஞாபகம் இருக்கு, எங்களோடதான் நடிக்கிறா" என்று வீட்டில் யாராவது சொன்னால், நோயின் இயல்பே அதுதான் என்று எடுத்துச் சொல்லுங்கள்.

இன்னொன்றும் தெரிந்திருக்க வேண்டும். செய்தி அழிந்து போனாலும் அந்தச் செய்தி தந்த உணர்ச்சி கொஞ்ச நேரம் தங்கி நிற்கும். நீங்கள் எரிந்து விழுந்தால், ஏன் என்று தெரியாமலே அம்மா மனம் கலங்கி இருப்பார். கலங்கிய மனம் இன்னும் அதிகமாகக் கேட்கும். கீழே சொல்லப்போகும் பெரும்பாலானவற்றுக்கு இதுவே அடிப்படை.

2. வயது போனால் அறளை பெயர்வது வழக்கம்தானே? அப்படியே விட்டால் என்ன?

தெரிந்தவரின் பெயர் சட்டென்று வராமல் பின்னேரம் ஞாபகம் வருவது, மூக்குக் கண்ணாடியை வைத்த இடத்தைத் தேடுவது, வருகிறவர் எல்லாரிடமும் அதே பழைய கதையைச் சொல்வது எல்லாம் வயதோடு வருபவை. கேட்ட கேள்வியை ஐந்து நிமிடத்தில் மறுபடி கேட்பதும், முன்பு கேட்டதே தெரியாமல் இருப்பதும் வேறு. நாற்பது வருடம் வைத்த சொதியில் தேங்காய்ப்பால் விட மறப்பது, பத்திரகாளி அம்மன் கோயிலுக்குப் போய்த் திரும்பும் வழி தடுமாறுவது, மிச்சக் காசை எண்ண முடியாமல் போவது இவற்றில் ஒன்றாவது சேர்ந்திருந்தால் வைத்தியரிடம் காட்டியே ஆகவேண்டும்.

காரணம், சரிசெய்யக்கூடிய சிலவும் இதே முகத்தோடு வருகின்றன. விற்றமின் பி12 குறைவு அவற்றில் ஒன்று. சீனி வருத்தத்துக்கு மெற்போமின் பல வருடம் எடுப்பவர்களுக்கும், வயிற்றெரிவுக்கு ஒமிப்பிரசோல் தொடர்ந்து போடுபவர்களுக்கும், மீனும் இறைச்சியும் சேர்க்காதவர்களுக்கும் அது குறையலாம். தைரொயிட் சுரப்புக் குறைவு, சில பிரஷர் குளிசைகளால் இரத்தத்தில் சோடியம் இறங்குவது, விழுந்து தலை அடிபட்ட சில வாரங்களுக்குப் பிறகு மண்டைக்குள் மெல்ல இரத்தம் கட்டுவது ஆகியவையும் உண்டு. கணவர் போன பிறகு வந்த மனச்சோர்வு மறதி போலவே தோன்றும்.

காதை மறக்க வேண்டாம். காதுக் குறும்பி அடைத்திருந்தாலோ கேட்கும் திறன் குறைந்திருந்தாலோ பதில் உள்ளேயே போயிருக்காது. அந்த வீட்டில் அம்மா மறக்கவில்லை, அவருக்குக் கேட்கவில்லை.

பிறகு மருந்துகள். தடிமனுக்கும் கடிக்கும் பாமசியில் கேட்டு வாங்கும் பிரிற்றன், நித்திரைக்கு டயசெபாம், நரம்பு வலிக்கு அமிற்றிப்ரிலின், கை நடுக்கத்துக்குப் பென்செக்சோல் ஆகியவை முதியவர்களின் ஞாபகத்தை மந்தமாக்கும். நீங்களாக நிறுத்த வேண்டாம், குறிப்பாக டயசெபாமைத் திடீரென்று நிறுத்துவது ஆபத்து. எழுதிக் கொண்டுபோய் வைத்தியரிடம் கேளுங்கள்.

3. எங்கே காட்டுவது? போகும்போது என்ன வேண்டும்?

அம்மா ஏற்கெனவே பிரஷருக்கோ சீனிக்கோ கிளினிக் போகிறவர் என்றால் அங்கிருந்தே தொடங்கலாம். திருகோணமலை மாவட்டப் பொது வைத்தியசாலையிலோ பக்கத்து ஆஸ்பத்திரியிலோ வைத்தியரிடம் சொன்னால், தேவையைப் பார்த்து மனநல அல்லது நரம்பியல் வைத்தியருக்குக் கடிதம் தருவார். மனநலக் கிளினிக் என்ற பெயருக்குக் கூச வேண்டாம், மறதி நோயைப் பார்ப்பது அவர்களின் வழக்கமான வேலை. 1926 என்ற தேசிய மனநல உதவி இலக்கத்துக்கும் பேசலாம்.

போவதற்கு முன் இரண்டு கிழமை ஒரு கொப்பியில் குறியுங்கள்: என்ன கேள்வி, எத்தனை மணிக்கு, ஏறக்குறைய எத்தனை தரம், அதற்குச் சற்று முன் வீட்டில் என்ன நடந்தது. வீட்டில் இருக்கும் எல்லாக் குளிசைகளையும், ஆயுர்வேத மருந்து உட்பட, ஒரு பையில் போட்டுக் கொண்டுபோங்கள். கூடப் போகிறவர் அம்மாவோடு ஒரே வீட்டில் இருப்பவராக இருக்க வேண்டும். வெளிநாட்டிலிருந்து விடுமுறைக்கு வந்த பிள்ளை தனியாகக் கூட்டிப்போனால் பாதி விபரம் கிடைக்காது.

மறதியைப் பற்றி அம்மாவுக்கு முன்னால் விலாவாரியாகச் சொல்லாதீர்கள். அவமானப்படுவார், இல்லை என்று மறுப்பார். ஒரு தாளில் எழுதி நம்பர் கொடுக்கும் இடத்திலோ தாதியிடமோ முன்கூட்டியே கொடுத்துவிடலாம். வழக்கமாகச் செய்யப்படும் பரிசோதனைகள்: இரத்தக் கலங்களின் எண்ணிக்கை, சீனி, சோடியம், பொற்றாசியம், சிறுநீரக ஈரல் பரிசோதனை, ரி.எஸ்.எச். (தைரொயிட் பரிசோதனை), பி12, சலம், தேவைப்பட்டால் தலைக்கு சிற்றி ஸ்கான். பி12 சில இடங்களில் வெளியே தனியார் ஆய்வுகூடத்தில்தான் செய்ய வேண்டிவரும், அதற்குக் காசு ஒதுக்கி வையுங்கள்.

4. போன கிழமை வரை ஓரளவு சமாளித்தவர். நேற்றிலிருந்து ஒரேயடியாகக் குழம்பிப் பிதற்றுகிறார்.

இது வேறு. மறதி நோய் மாதக் கணக்கில் கூடும், மணிக்கணக்கில் கூடாது. மணிக்கணக்கிலோ ஓரிரு நாளிலோ வந்த குழப்பத்துக்குப் பின்னால் பெரும்பாலும் உடம்பில் ஏதோ இருக்கிறது: சலக்கிருமித் தொற்று, நெஞ்சுச் சளி, மலச்சிக்கல், தண்ணீர் குறைவு, சீனி இறங்குதல், புதிதாகத் தொடங்கிய மருந்து. முதியவர்களுக்குத் தொற்று இருந்தும் காய்ச்சல் காட்டாமல் போகலாம். கச்சான் காற்று அனலாக அடிக்கும் மாதங்களில் தாகமே தெரியாமல் உடல் வறண்டு போகும்.

சீனி வருத்தம் உள்ளவரென்றால் உடனே குத்திப் பாருங்கள். 70க்குக் கீழே இருந்து, விழித்திருந்து, விழுங்கக்கூடியவராகவும் இருந்தால் 3 தேக்கரண்டி சீனியை அரைக் கோப்பைத் தண்ணீரில் கரைத்துக் கொடுங்கள், 15 நிமிடத்தில் மறுபடி பாருங்கள். மயங்கியிருந்தால் வாயில் எதுவும் ஊற்றக்கூடாது. முகம் ஒரு பக்கம் இழுத்தல், ஒரு கை சோர்தல், வாய் குளறுதல் இருந்தால் அது பாரிசவாதமாக இருக்கலாம், 1990 இலக்கத்தில் அம்புலன்ஸைக் கூப்பிடுங்கள். குழப்பத்தை அடக்க நித்திரைக் குளிசை கொடுப்பது காரணத்தை மறைத்துவிடும். அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள்.

5. எப்படிப் பதில் சொன்னால் கேள்வி குறையும்?

இதற்குத்தான் அதிக இடம் கொடுக்க வேண்டும்.

குசினிக்குள் நின்று சத்தம் போட்டுப் பதில் சொன்னால் அது பதிவதற்கு வாய்ப்பே இல்லை. முன்னால் வந்து, அவர் கதிரையில் இருந்தால் நீங்களும் தணிந்து, கண்ணைப் பார்த்து, கையைத் தொட்டுச் சொல்லுங்கள். பதில் ஐந்தாறு சொல்லுக்கு மேல் போகக்கூடாது. ஒவ்வொரு தடவையும் அதே சொற்கள், அதே குரல். பதிலை மாற்றி மாற்றிச் சொன்னால், நீங்கள் எதையோ மறைக்கிறீர்கள் என்ற கவலை அவருக்கு வரும். சொன்ன கையோடு அவர் கையில் எதையாவது கொடுங்கள்: தேத்தண்ணிக் கோப்பை, மடிக்க ஒரு துவாய். வெறுங்கை மறுபடி கேள்விக்குத்தான் திரும்பும்.

"இப்பதானே சொன்னன்", "எத்தின தரம் சொல்லுறது", "ஞாபகமில்லையா?" என்ற மூன்றையும் வீட்டிலிருந்து எடுத்துவிடுங்கள். முதல் இரண்டும் குத்தும். மூன்றாவது பரீட்சை, அதில் அம்மா ஒவ்வொரு நாளும் தோற்கிறார்.

அடுத்தது, கேள்விக்கு அடியில் என்ன இருக்கிறது என்று பார்ப்பது. நீங்கள் வெளிக்கிடும்போது "தம்பி, ஐடென்டிக்காட் எடுத்தியா?" என்று படலை வரை வந்து ஐந்து தரம் கேட்கும் தாய்மார் இந்த ஊரில் நிறையப் பேர். சோதனைச் சாவடிகளின் காலத்தில் அந்த அட்டை இல்லாமல் போன பிள்ளை திரும்பி வருமா என்ற பயம் அது. "இப்ப அதொண்டும் தேவையில்லை அம்மா" என்ற பதில் பயத்தைத் தொடுவதே இல்லை. அட்டையை எடுத்துக் காட்டுங்கள். "இஞ்ச பாருங்கோ, இருக்கு. ஆறு மணிக்கு வந்திருவன்." அட்டையும் திரும்பும் நேரமும் சேர்ந்தால் கேள்வி பாதியாகக் குறையும்.

"சாப்பிட்டியா பிள்ளை?" என்று விடாமல் கேட்பவருக்குப் பரிமாற ஆசை. அகப்பையை அவர் கையில் கொடுங்கள். "வீட்ட போவம்" என்று சொந்த வீட்டில் இருந்துகொண்டே கேட்டால், முதலில் சலம் போக வேண்டுமா, பசியா, எங்காவது நோகிறதா என்று பாருங்கள். "இதுதானே உங்கட வீடு" என்று வாதாடினால் பயம் கூடும். "அந்த வீட்டில என்ன மரம் நிண்டது அம்மா?" என்று கேளுங்கள்.

நாளை கிளினிக், அடுத்த கிழமை கலியாணம் என்று முன்கூட்டிச் சொல்வதும் கேள்வியைப் பெருக்கும். போகும் நாள் விடிய, உடுப்பை எடுத்து வைத்துக்கொண்டு சொன்னால் போதும்.

6. அப்பா இறந்து பல வருடம். "அப்பா இன்னும் வரேல்லையே" என்று கேட்டால்?

ஒவ்வொரு முறையும் "அப்பா செத்துப் போனார்" என்று சொன்னால் ஒவ்வொரு முறையும் அது புதிய சாவுச் செய்தி. "அஞ்சு மணிக்கு வருவார்" என்பதும் கூடாது, ஐந்திலிருந்து படலையைப் பிடித்துக்கொண்டு நிற்பார். "அப்பாவைத் தேடுதா அம்மா?" என்று உணர்ச்சியைப் பிடித்து, அவருக்குப் பிடித்த மீன் என்ன, சந்தைக்குப் போனால் என்ன வாங்கி வருவார் என்று பேச்சை அவரைப் பற்றியதாகவே வைத்திருங்கள். "அவர் செத்துட்டாரோ?" என்று நேராகக் கேட்கும் நேரமும் வரும். அப்போது மறைக்க வேண்டாம். ஓம் என்று சொல்லி, பக்கத்தில் இருங்கள்.

இடம்பெயர்ந்த காலம் திரும்பி வருவதும் உண்டு. கோயில் திருவிழா வெடியோ ஹெலிக்கொப்டர்ச் சத்தமோ கேட்டால் "பிள்ளையள் எங்க? எல்லாரும் உள்ளுக்கு வாங்கோ" என்று தொடங்குவார். 2009இலேயே சண்டை முடிந்தது என்று வரலாறு சொல்ல வேண்டாம். யன்னலைச் சாத்துங்கள், ரீவிச் செய்தியை நிறுத்துங்கள், "எல்லாரும் வீட்டுக்குள்ளதான் இருக்கிறம்" என்று சொல்லிப் பிள்ளைகளைக் கண்ணில் காட்டுங்கள்.

7. எழுதி ஒட்டினால் பயன் உண்டா?

வாசித்ததை விளங்கிக்கொள்ளும் வரை உண்டு. "தண்ணி குடியுங்கோ" என்று ஒரு தாளில் எழுதிக் கொடுத்துப் பாருங்கள். வாசித்துவிட்டுக் குடித்தால் பலகை உதவும். வெள்ளைப் பலகையில் கறுப்பு எழுத்து, இரண்டு அங்குல உயரம், இரண்டு வரிக்கு மேல் இல்லை: "இன்று புதன். தங்கச்சி 4 மணிக்கு வருவா." அவர் வழக்கமாக இருக்கும் கதிரைக்கு நேர் எதிரே, இருந்த கண்மட்டத்தில் மாட்டுங்கள். கேட்கும்போது பதில் சொல்லாமல் "பலகையைப் பாருங்கோ" என்று விரலை நீட்டுவது சரிவராது. கூடப் போய்ச் சேர்ந்து வாசியுங்கள், சில நாளில் கண் தானாக அங்கே போகப் பழகும்.

பலகை தோற்பதற்கு வழக்கமான காரணம் நேற்றைய வரியை அழிக்காமல் விடுவது. அடுத்தது, சுவர் முழுக்கத் துண்டுகளை ஒட்டுவது. நாட்காட்டித் தாளைக் காலையில் கிழிக்கும் வேலையை அம்மாவிடமே கொடுங்கள்.

8. "குளிசை போட்டனா?" என்று ஓயாமல் கேட்கிறார். தானே எடுத்துப் போட்டும் விடுகிறார்.

கேள்விகளில் ஆபத்தானது இதுதான். மருந்து அம்மாவின் கைக்கு எட்டக்கூடாது, பூட்டுள்ள அலுமாரியில் இருக்க வேண்டும். ஏழு நாள், காலை மாலை அறைகள் உள்ள குளிசைப் பெட்டியை ஞாயிறு இரவு ஒரே ஆள் நிரப்ப வேண்டும். இரண்டு பேர் பொறுப்பெடுத்தால் இரண்டு தடவை கொடுபடும். விழுங்கும் வரை நின்று பாருங்கள், கன்னத்துக்குள் ஒதுக்கி வைப்பவர்களும் உண்டு. மறுபடி கேட்டால் வெறுமையான அன்றைய அறையைக் காட்டுங்கள், சொல்லை விட அது நம்ப வைக்கும்.

இரட்டிப்பாகப் போட்டுவிட்டால் வாந்தி எடுக்க வைக்காதீர்கள். கிளிக்ளசைட், கிளிபென்கிளமைட் போன்ற சீனிக் குளிசை அல்லது இன்சுலின், இரத்தம் உறைவதைக் குறைக்கும் வார்பரின், இருதயக் குளிசை என்றால் உடனே ஆஸ்பத்திரி. சீனிக் குளிசையின் தாக்கம் பல மணி நேரம் கழித்தும் வரும், "இப்ப நல்லாத்தானே இருக்கிறா" என்று வீட்டில் வைத்திருக்கக்கூடாது.

"இன்னும் எனக்குச் சோறு தரேல்ல" என்பதற்கு, சாப்பிட்ட கோப்பையை உடனே கழுவாமல் கொஞ்ச நேரம் முன்னால் விட்டு வையுங்கள். அப்படியும் கேட்டால் ஒரு நாள் சாப்பாட்டை ஐந்து சிறு வேளைகளாகப் பிரியுங்கள். இடையில் வெள்ளரித் துண்டு, அவித்த கடலை ஒரு பிடி.

9. பின்னேரமானால்தான் மோசம்.

நாலு மணியிலிருந்து ஏழு மணி வரை பலருக்கும் அப்படித்தான். களைப்பு, மங்கும் வெளிச்சம், நிழல்கள், எல்லாரும் ஒரேயடியாக வீடு திரும்பும் சந்தடி. இருட்டும் முன்பே, ஐந்தரைக்கு எல்லா லைற்றையும் போடுங்கள். பகல் நித்திரை அரை மணி, அதுவும் இரண்டு மணிக்கு முன். மூன்று மணிக்குப் பிறகு சாயத் தேத்தண்ணி வேண்டாம். நடக்கக்கூடியவரென்றால் காலை வெயில் ஏறும் முன் டச்சுபேக் கரையோரம் கொஞ்சத் தூரம் கூட்டிப்போங்கள், இரவு நித்திரைக்கு அது உதவும். ரவுனுக்குள் உலாவும் மான்களைப் பார்த்தால் பலருக்கு முகம் மலரும்.

அந்த மூன்று மணி நேரத்துக்குக் கைவேலை சேர்த்து வையுங்கள். கை பழகிய வேலை ஞாபகத்தை நம்பி இல்லை. முருங்கை இலை உருவுவது, நெத்தலித் தலை கிள்ளுவது, சின்ன வெங்காயம் உரிப்பது, சாமிக்குப் பூக் கட்டுவது. சரியாகச் செய்யாவிட்டாலும் திருத்த வேண்டாம். உரித்ததையே மறுபடி உரித்தால் உரிக்கட்டும்.

10. கனடாவில் இருக்கும் அண்ணா "என்னோட நல்லாத்தானே கதைச்சவ" என்கிறார்.

பத்து நிமிட அழைப்பில் அம்மா தன் முழுப் பலத்தையும் கூட்டி நன்றாகத்தான் பேசுவார். "எப்படி இருக்கிறியள்?", "பிள்ளையள் சுகமா?" என்பன ஞாபகம் தேவைப்படாத வார்த்தைகள். அழைப்பு முடிந்ததும் களைத்துப் போய் இன்னும் குழம்புவார். சண்டை பிடிக்காமல், அழைப்பை இறுதியில் துண்டிக்காமல் அரை மணி நேரம் போனை மூலையில் வைத்துவிடுங்கள். அண்ணாவே கேட்கட்டும்.

நேரத்தையும் சரிப்படுத்துங்கள். அம்மா தெளிவாக இருக்கும் காலை ஏழரை, ரொறன்ரோவில் கோடையில் முதல் நாள் இரவு பத்து, குளிர்காலத்தில் ஒன்பது. பின்னேர அழைப்பைத் தவிர்க்கச் சொல்லுங்கள். "நான் ஆர் சொல்லுங்கோ பாப்பம்" என்று தொடங்காமல் "அம்மா, நான் மூத்தவன் கதைக்கிறன்" என்று தொடங்க வேண்டும். காசு அனுப்புகிறார் என்றால், கிழமையில் இரண்டு அரை நாள் அம்மாவோடு இருக்க ஆள் வைப்பதற்கென்று அதில் ஒரு பங்கைப் பிரித்து விடுங்கள்.

11. காஸ் அடுப்பு, கிணறு, வெளியே போய்விடுவது?

சமையல் முடிந்ததும் சிலிண்டரின் ரெகுலேற்றரையே மூடுங்கள், அடுப்புத் திருகியை மட்டும் நம்ப வேண்டாம். வளவுக் கிணற்றுக்குக் கம்பி மூடி போட்டுப் பூட்டுங்கள். உடுப்பின் உட்புறம் தொலைபேசி இலக்கத்தைத் தைத்து விடுங்கள். பக்கத்துக் கடைக்காரருக்கும் சந்தி ஓட்டோக்காரருக்கும் முன்பே சொல்லி, உங்கள் இலக்கத்தைக் கொடுத்து வையுங்கள். காணவில்லை என்றால் முதலில் கிணற்றடி, பிறகு கடற்கரைப் பக்கம், முன்பு இருந்த வீட்டுப் பாதை, கோயில். 15 நிமிடத்தில் கிடைக்காவிட்டால் அண்மையில் எடுத்த படத்தோடு பொலிஸ், 119.

12. மறதிக்கு மருந்து இருக்கிறதா?

குணமாக்கும் குளிசை இல்லை. டொனெபெசில் சிலருக்குக் கொஞ்சக் காலம் உதவும். வழக்கமாக 5 மில்லிகிராமில் தொடங்கி, ஒத்துக்கொண்டால் நான்கு முதல் ஆறு கிழமைக்குப் பிறகு 10 ஆக்குவார்கள். ஓங்காளம், வயிற்றோட்டம், நாடித்துடிப்புக் குறைதல், பயங்கரக் கனவு வரலாம். கனவு வந்தால் இரவு வேளையைக் காலைக்கு மாற்றலாமா என்று கேளுங்கள். தலைசுற்றி விழுந்தால் உடனே காட்டுங்கள். கேள்வி கேட்பதை நிறுத்துவதற்கென்று மயக்கக் குளிசை கேட்காதீர்கள், அந்த வகை மருந்துகள் சில முதியவர்களுக்குப் பாரிசவாத ஆபத்தைக் கூட்டும்.

13. காணி உறுதி, வங்கிக் கணக்கு?

அம்மா விளங்கிக் கையெழுத்து வைக்கக்கூடிய காலத்திலேயே, எல்லாப் பிள்ளைகளுக்கும் தெரியப்படுத்தி, சட்டத்தரணியிடம் போங்கள். விளங்காத நிலையில் வாங்கும் கையெழுத்து பின்னால் வழக்காகும். 60 வயது கடந்தவருக்கு முதியோர் அடையாள அட்டை பிரதேச செயலகம் ஊடாக எடுக்கலாம்.

14. இன்றைக்குக் கத்திவிட்டேன்.

நல்ல பிள்ளைகளும் கத்துகிறார்கள். அம்மா பத்திரமாக இருக்கிறாரென்று பார்த்துவிட்டு ஐந்து நிமிடம் வளவுக்குள் இறங்கி நில்லுங்கள். திரும்பிப் போகும்போது நடந்ததை விளக்க வேண்டாம், தேத்தண்ணியோடு போய்ப் பக்கத்தில் இருங்கள். சொன்ன சொல் அவருக்கு மறந்திருக்கும், கலக்கம் மட்டும் மிச்சமிருக்கும், அதை உங்கள் அருகாமை ஆற்றும். ஒரே மருமகளோ ஒரே மகளோ முழு நாளும் சுமக்கும் வீட்டில்தான் கத்தல் கூடும். கிழமையில் எந்த நாள் யார் என்று எழுதி, அந்தத் தாளையும் பலகைக்குப் பக்கத்தில் ஒட்டுங்கள். அடிக்கத் தோன்றுகிறது, இரண்டு கிழமையாக நித்திரை இல்லை என்றால் 1926க்கு நீங்கள் உங்களுக்காகவே எடுக்கலாம்.

15. வீட்டுக்கு வருகிறவர்களுக்கு என்ன சொல்லி வைப்பது?

ஒரு நேரத்தில் இரண்டு பேருக்கு மேல் வேண்டாம். பெயரையும் உறவையும் தாங்களே சொல்லட்டும். காலையில் என்ன சாப்பிட்டீர்கள், போன கிழமை யார் வந்தார்கள் என்று கேட்கக் கூடாது. கிண்ணியாத் துறையடியில் பாதைக்குக் காத்து நின்றதைப் பற்றி, கன்னியா வெந்நீர்க் கிணறுகளில் எந்தக் கிணறு கூடச் சுடும் என்பதைப் பற்றிக் கேட்கட்டும். அதே கதையை இரண்டாம் தடவை தொடங்கினால், முதல் தடவை கேட்காத ஒன்றை இடையில் கேட்கலாம்: பாதையில் அன்றைக்குப் பக்கத்தில் ஆர் இருந்தது அம்மா?